இடமும் ஆளும்: றொக் இசைக்குழுவொன்றின் பேஸ் கலைஞரை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

சென்ற ஆண்டுப் பரீட்சை முடிந்த இரவொன்றில் எமது விடுதி அறையில் ஒரு வாதம் எழுந்தது. நண்பரொருவர் தமது கைத்தொலைபேசியில் மெற்றாலிக்கா என்னும் அமெரிக்க றொக் இசைக்குழுவின் இரு பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டார். முதலாவது 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டிலுள்ளது. மற்றையது 1988 இல் வெளிவந்ததிலுள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்குழுவின் பேஸ் கிற்றார்க் கலைஞர் விபத்தொன்றில் இறந்துபோக, புதியவர் ஒருவர் அவருடைய இடத்துக்கு வந்திருந்தார். “பாடுபவர் அவரே, மேளம் அடிப்பவர் அவரே, கிற்றார் வாசிப்பவரும் அவரே. நாலு கம்பிக் கருவியொன்றை மீட்டுகிற ஆள் மாறியதால் என்ன குடி முழுகிப் போயிற்று? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன” என்றார் அறைத் தோழர் ஒருவர். எமக்கும் அவ்வாறே தோன்றியது.

மறுநாள் அதே பாடல்களை நல்லதொரு ஹெட்போனில் கேட்க நேர்ந்தது. முதற் பாடலின் அடித்தளத்தில் ஒருவர் நடமாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாடலின் அடித்தளத்தில் எவரையும் காணோம். ஆள் மாறியிருந்தால் வேறொருவர் அங்கே நிற்கவேண்டுமல்லவா? இடம் வெறுமையாக அன்றோ இருந்தது! இசைபற்றிய ஐயமாகத் தொடங்கிய இவ்வினா, சிந்திக்கச் சிந்திக்க அறம்பற்றிய வினாவாக மாறியது. ஒருவர் நீங்கிய இடத்துக்கு இன்னொருவரை அழைத்துவரும்போது நாம் அவருக்குக் கொடுப்பது எதனை? இடத்தையா, அன்றி இடத்தின் பெயரை மட்டுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேஸ் கிற்றார் யாது, அது குழுவில் ஆற்றும் பணி யாது என்பனவற்றை முதலில் நோக்குதல் தகும். ஆளுயரமுள்ள டபிள் பேஸ் என்னும் மரக்கருவியே முற்காலத்தில் இப்பணியை ஆற்றிவந்தது. 1951 ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் தாம் வடிவமைத்த மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க இக்கருவி பரவலாயிற்று. பொதுவாக இதற்கு நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். சாதாரண கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ ஏறத்தாழ 82 முறை அதிரும். அதாவது பேஸ் ஒரு ஸ்தாயி கீழே நின்று பேசுகின்றது. கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் இத்துணைத் தாழ்ந்த அதிர்வுகளைச் செவ்வனே எழுப்ப இயலாது. ஆகவே எமது தோழருக்கு வேறுபாடு தெரியாமற் போனமைக்கு அவருடைய செவியைக் குறைகூறுதல் பொருந்தாது.

நாதசுர இசையோடு பழகிய நமக்கு இக்கருவியை ஒத்தோடு ஒப்பிடத் தோன்றலாம். அவ்வொப்புமை பாதிவழி வரையுமே வரும். ஒத்து மாறாது நிற்பதனாற் பணிசெய்கின்றது. பேஸ் நகர்வதனாற் பணிசெய்கின்றது. அது நகரும்போது தனக்கு மேலே ஒலிப்பவற்றின் பொருளையும் மாற்றிவிடுகின்றது. கிற்றார் சி, ஈ, ஜீ ஆகிய மூன்று சுரங்களையும் சேர்த்து ஒலிக்க, அடியில் பேஸ் சி சுரத்தை வாசித்தால் அது தெளிந்த மேஜர் சுரக்கூட்டாகக் கேட்கும். கிற்றார்க்காரர் தம் விரலை இம்மியும் அசைக்காதிருக்க, பேஸ் மட்டும் ஏ சுரத்துக்கு இறங்குமாயின் அதே மூன்று சுரங்களும் மைனர்ச் சாயல் பெற்று, ஒருவகைத் துயரம் தோய்ந்து ஒலிக்கும். மேலே நின்று ஒளிவீசுபவர் அறியாமலே அவர் சொல்வதன் பொருளைக் கீழே நிற்பவர் மாற்றிவிடுகிறார்.

இரண்டாவது பணி தாளத்தோடு தொடர்புடையது. காலால் மிதித்து அடிக்கப்படும் பெரிய மேளத்தோடு பேஸ் இணைந்தே இயங்குகின்றது. அடி விழும் கணத்துக்கு அணுவளவு முந்தி வாசித்தால் இசை முன்னோக்கிப் பாயும். அணுவளவு பிந்தினால் அது சாய்ந்து அமர்ந்து நடக்கும். மூன்றாவது, மீட்டும் முறை. விரல்நுனியால் மீட்டும்போது சுரம் உருண்டு திரண்டு எழும். பிளெக்ரம் எனப்படும் சிறு தகட்டால் மீட்டும்போது அதன் தொடக்கம் கூர்மையாக வெட்டி விழும். இவை யாவும் ஒருவருடைய உடலில், பழக்கத்தில், செவியில், மனப்பாங்கில் ஊறியிருப்பவை. எழுதிக்கொடுத்த சுரங்களை அட்சரம் பிசகாது வாசிக்கும் இருவர்கூட ஒரே ஒலியைத் தருவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

இனி மெய்யியலாரின் பழைய புதிர் ஒன்றை நினைவுகூர்வோம். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணிவந்தனர் என்றும், உக்கிய பலகைகளைக் களைந்து புதியனவற்றைப் பொருத்திவந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என மெய்யியலார் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இப்புதிரை மேலும் முறுக்கினார்: கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக்கொண்டு முன்னைய ஒழுங்கிலேயே இன்னொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

இசைக்குழுக்களைப் பற்றிப் பேசுவோர் இப்புதிரை அடிக்கடி எடுத்தாள்கின்றனர். ஆயின் இவ்வுவமை ஓரிடத்தில் வழுக்கிவிடுகின்றது. பலகைகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. புதிய பலகை பொருத்தப்பட்டமையால் பக்கத்துப் பலகையின் இயல்பு மாறுவதில்லை. இசைக்குழுவிலோ ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டுக்கேட்டே வாசிக்கின்றனர். அடித்தளத்தில் நிற்பவர் மாறினால் மேளக்காரர் வேறுவிதமாக அடிக்கிறார். கிற்றார்க்காரர் தமக்குக் கிடைத்த வெளியை நிரப்பவோ, தமக்கு நெருக்கடியான இடத்திலிருந்து விலகவோ வேண்டியவராகிறார். ஒருவரே மாறினார் எனக் கணக்குப் பார்ப்போர் இதனைக் காண்பதில்லை. உண்மையில் மாறியவர் ஒருவர், மாற்றமுற்றோர் அனைவரும்.

அரிஸ்ரோட்டில் இதனை நன்குணர்ந்திருந்தார் போலும். ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், ஒரு நகர் எப்போது அதே நகராகத் தொடர்கின்றது என்னும் வினாவை அவர் எழுப்புகிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் இசையரங்கிலிருந்தே பிறக்கின்றது. நாடகத்தில் பாடும் குழுவினர் ஒரே ஆட்களாக இருப்பினும், ஒருகால் இன்பியலுக்கும் ஒருகால் துன்பியலுக்கும் பாடும்போது அவர்கள் வேறு குழுவாகின்றனர். அவ்வாறே ஒரே சுரங்களும் சேர்க்கை முறையால் வெவ்வேறு இசைமுறைகளாகின்றன என்பது அவர் கருத்து. உறுப்புகளைக் காட்டிலும் அவற்றின் இயைபே ஒன்றன் அடையாளத்தைத் தீர்மானிக்கின்றது என இதனைச் சுருக்கிக் கூறலாம். இவ்வளவுகோலைக் கைக்கொண்டு சில உண்மை நிகழ்வுகளை நோக்குவோம்.

முதலாவது பீற்றில்ஸ் குழு. அக்குழு புகழெய்துவதற்கு முன்னர் அதன் பேஸ் கலைஞராக இருந்தவர் ஸ்ருவேட் சட்கிளிஃப் என்னும் ஓவிய மாணவர். 1961 ஆம் ஆண்டில் அவர் ஓவியக் கல்வியை நாடி ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலேயே தங்கிவிட்டார். மறு ஆண்டிலேயே, 21 வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தப்பெருக்கால் இறந்தார். அவர் விலகியபோது வெளியிலிருந்து எவரும் அழைக்கப்படவில்லை. அதுவரை கிற்றாரும் பியானோவும் வாசித்துவந்த போல் மக்காட்னி அவ்விடத்துக்கு நகர்ந்தார். பின்னைய ஆண்டுகளில் அவர் பேஸ் கிற்றாரைத் தாளத்துக்குத் துணைநிற்கும் கருவியாக மட்டும் வைத்திருக்கவில்லை. பாட்டுக்குள்ளே இன்னொரு பாட்டாக அதனைப் பாடவைத்தார். சட்கிளிஃப் விட்டுச்சென்ற இடம் மக்காட்னி நின்ற இடத்தைவிடச் சிறியது. வருபவரின் வளர்ச்சிக்கேற்ப இடமும் வளரக்கூடியது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது த ஹூ என்னும் ஆங்கிலேயக் குழு. அதன் பேஸ் கலைஞரான ஜோன் என்ற்விசில், மேடையில் அசையாது நின்றபடியே, முன்னணிக் கிற்றாருக்குரிய வேகத்தோடும் உரத்த ஒலியோடும் வாசித்தவர். 1965 இல் வெளிவந்த ‘மை ஜெனரேஷன்’ பாடலில் பேஸ் தனித்து வாசிக்கும் பகுதி அவருக்கென்றே அமைந்தது. 2002 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆந் திகதி, அமெரிக்கச் சுற்றுலா தொடங்கவிருந்த நாளுக்கு முந்திய நாள், அவர் லாஸ் வேகஸ் நகரில் இறந்தார். ஜூலை முதலாந் திகதி பீனோ பலடீனோ என்பவர் அவருடைய இடத்தில் நின்று வாசித்தார். பலடீனோ பலருடைய இசைத்தட்டுகளுக்கு வாசித்துத் தேர்ந்த, அடக்கமான கலைஞர். என்ற்விசிலின் பிரவாகத்தை அப்படியே படியெடுக்க அவர் முற்படவில்லை. பாடலைத் தாங்கி நின்றார். அதனால் முன்பு பேஸின் முழக்கத்தால் நிரம்பியிருந்த வெளி திறந்துகொண்டது; கிற்றாரும் குரலும் அவ்வெளியில் புதிதாகக் கேட்டன. பழைய இரசிகர்களுக்கு அது இழப்பாகவே இருந்திருக்கலாம். எனினும் அங்கே நின்றவர் தாமாகவே நின்றார். அவர் கேட்கவும் பட்டார்.

மூன்றாவதே எமது அறையில் வாதத்தைக் கிளப்பிய மெற்றாலிக்கா. 1981 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லார்ஸ் உல்றிச், ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் ஆகிய இருவரும் தொடங்கிய குழு அது. 1982 இன் இறுதியில் கிளிஃப் பேர்ட்டன் என்னும் இளைஞரை அவர்கள் பேஸ் வாசிக்க அழைத்தபோது, தாம் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வர விரும்பவில்லை என்றும், குழு தமது ஊர்ப்புறமாகிய சன் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு வரவேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். குழு இடம்பெயர்ந்தது! ஒரு பேஸ் கலைஞருக்காக ஊரையே மாற்றிக்கொண்ட குழு இது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். பேர்ட்டன் விரலால் மீட்டுபவர்; இசைக்கோட்பாடு கற்றவர்; பாக்கின் இசையில் ஈடுபாடுடையவர். 1983 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே அவர் தனித்து வாசித்த பகுதியொன்று உண்டு. 1986 இல் வெளிவந்த ‘மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்’ இசைத்தட்டிலுள்ள ‘ஒறையன்’ என்னும் குரலற்ற உருப்படியில் பேஸ் கிற்றாரே இராகம் பாடுகின்றது.

அதே ஆண்டு செப்ரெம்பர் 27 ஆந் திகதி அதிகாலையில், சுவீடன் நாட்டில் குழுவினர் பயணஞ்செய்த பேருந்து கவிழ்ந்தது. பேர்ட்டன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24. ஒக்ரோபர் மாதத்தில் ஜேசன் நியூஸ்ரெட் என்பவர் தெரிவுசெய்யப்பட்டார். விபத்து நிகழ்ந்து சரியாக ஆறு வாரங்களில், நவம்பர் 8 ஆந் திகதி, குழு அவரோடு மீண்டும் மேடையேறியது. துயரத்துக்கு அவர்கள் தமக்கே அனுமதித்த காலம் அவ்வளவே.

நியூஸ்ரெட் பிளெக்ரம் கொண்டு வாசிப்பவர். விறுவிறுப்பும் உறுதியும் மிக்கவர். பேர்ட்டனைப் போலத் தனித்து அலைந்து திரியாமல் கிற்றாரோடு ஒட்டி ஓடுபவர். 1987 இல் பிறருடைய பாடல்களை வாசித்துக் குழு வெளியிட்ட சிறிய இசைத்தட்டில் அவருடைய பேஸ் தெளிவாகக் கேட்கின்றது. ஆனால் 1988 இல், அவர் சேர்ந்தபின் குழு தனது சொந்தப் பாடல்களைக்கொண்டு வெளியிட்ட முதலாவது முழு இசைத்தட்டில், அவர் ஏறத்தாழக் கேட்கப்படவேயில்லை. அவர் வாசித்தார், பதிவு செய்யப்பட்டது, ஒலிக்கலவையின்போது அவ்வொலி தாழ்த்தப்பட்டது. காரணம் யாதென்பதில் உடன் பணியாற்றியோர் ஒத்த கருத்தினரல்லர். கிற்றாரும் பேஸும் ஒரே தடத்தில் ஓடியமையால் ஒன்று மற்றையதை விழுங்கிற்று என்பர் சிலர். ஒலியைத் தாழ்த்துமாறு குழுவினுள்ளிருந்தே, மேளக்காரர் உல்றிச்சிடமிருந்தே, பணிப்பு வந்தது என ஒலிக்கலவை செய்தவர்களுள் ஒருவர் கூறியிருக்கிறார். காரணம் எதுவாயினும், கேட்டு ஒப்புக்கொண்டு வெளியிட்டவர்கள் அதன் பொறுப்பிலிருந்து நீங்கமுடியாது.

அவ்விசைத்தட்டின் பெயர் ‘அண்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்’. அமெரிக்கர் தம் கொடிக்குச் செய்யும் உறுதிமொழியின் இறுதிச் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டது. ‘அனைவர்க்கும் நீதி’ எனப் பொருள்படுவது. நீதியின்மையைச் சாடும் பாடல்கள் நிறைந்த அத்தட்டிலேயே நால்வருள் ஒருவருடைய குரல் அடக்கப்பட்டிருந்தது. அத்தட்டில் இன்னுமொன்று உண்டு. பேர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளைக் கொண்டமைத்த உருப்படியொன்று அதில் இடம்பெறுகின்றது. அதனை ஆக்கியோருள் ஒருவராக அவர் பெயர் மதிப்போடு குறிக்கப்பட்டுள்ளது. அவ்வுருப்படியில் இறந்தவர் கேட்கப்படுகிறார். அவர் துணுக்குகளுக்கு அடிநின்று வாசித்த உயிரோடிருப்பவர் கேட்கப்படவில்லை. புதியவரைக் குழுவினர் நெடுங்காலம் சீண்டியும் எள்ளியும் வந்தமையை அவர்களே பிற்காலத்தில் ஒளிவின்றிப் பேசியிருக்கின்றனர். உள்ளே அடக்கிய துயரம் எங்காயினும் வெளிப்பட்டே தீரும். இங்கே அது, இறந்தவரின் இடத்தில் நிற்கத் துணிந்த ஒருவர்மீது சினமாக இறங்கிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

இக்கருத்துக்குத் தடை கூறுவோர் உளர். முதலாவது தடை: “இசைக்குழு அறச்சாலையன்று, நல்ல இசை பிறந்ததா என்பதே கேள்வி. அவ்விசைத்தட்டின் வறண்ட, எலும்பு தெரியும் ஒலியை விரும்புவோர் பலர். பேஸ் இல்லாமையே அதன் அழகு.” இதில் உண்மையுண்டு. வெறுமையும் ஓர் அழகாகலாம். ஆயின் ஓர் இன்மை அழகாயிருப்பது, அதனை விளைவித்த செயலை நியாயப்படுத்தாது. பாழடைந்த வீட்டை ஓவியமாக வரைந்தால் அழகாயிருக்கும். அதற்காக அவ்வீட்டாரை வெளியேற்றியமை சரியென ஆகிவிடாது.

இரண்டாவது தடை சற்று ஆழமானது: “பெரிய வாத்தியக் குழுக்களில் கலைஞர்கள் ஓய்வுபெறுகின்றனர், புதியோர் வருகின்றனர், நூறாண்டு கடந்தும் குழு அதே பெயரோடு வாழ்கின்றது. இடமே நிலையானது, ஆள் வந்துபோகிறவர் என ஏற்றுக்கொண்டால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லையே?” வாத்தியக் குழுவில் அவ்வாறு ஏற்பதற்குக் காரணம், வாசிக்கவேண்டியது முன்னரே எழுதப்பட்டிருப்பதாகும். எழுதியவர் வேறு, வாசிப்பவர் வேறு. றொக் குழுவில் பெரும்பாலும் வாசிப்பவர்களே கூடியிருந்து இசையை ஆக்குகின்றனர். அங்கே இடம் என்பது முன்கூட்டியே அளந்து வெட்டிய குழியன்று. அதில் நின்றவரின் பாதமே அதனைத் தோண்டியது. ஒருவர் பாதம் தோண்டிய குழியில் இன்னொருவர் பாதம் அப்படியே பொருந்தாது. பொருந்தவேண்டும் என வற்புறுத்தினால் வந்தவர் பாதத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். அல்லது நாம் குழியை மூடிவிடுவோம்.

இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், விலையுடையது, மாண்புடையது என இருவகையாகப் பிரித்துரைக்கிறார். எதன் இடத்தில் அதற்குச் சமமான வேறொன்றை வைக்கலாமோ அது விலையுடையது. எதற்கு அத்தகைய ஈடு இல்லையோ அது மாண்புடையது. இப்பிரிப்பை நமது பொருளில் பொருத்திப்பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கின்றது. பேஸ் வாசிக்கும் பணிக்கு ஈடு உண்டு. பேர்ட்டனுக்கு ஈடு இல்லை. நியூஸ்ரெட்டுக்கும் ஈடு இல்லை. இப்பிற்கூற்றையே நாம் மறந்துவிடுகின்றோம். இறந்தவரின் ஈடின்மையைப் போற்றுமளவுக்கு, வந்தவரை அவருடைய குறைபட்ட பிரதியாக அளக்கத் தொடங்குகின்றோம். அப்போது இருவருக்குமே பிழை செய்கின்றோம். போனவரை, பிரதி எடுக்கத்தக்க ஒரு பொருளாக்கிவிடுகின்றோம். வந்தவரை அப்பொருளின் பழுதான படியாக்கிவிடுகின்றோம்.

இவ்விடத்தில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் அனுபவம் ஒப்புநோக்கத் தக்கது. 1962 இலிருந்து அதன் பேஸ் கலைஞராயிருந்த பில் வைமன் 1993 இல் விலகினார். அதன்பின் அப்பணியை ஏற்றவர் டரில் ஜோன்ஸ். ஜாஸ் இசைமேதை மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தவர். 1994 இன் சுற்றுலாவிலிருந்து மூன்று தசாப்தங்களாக மேடைதோறும் அவருடைய பேஸ் தெளிவாகக் கேட்டது. வைமன் இருந்த காலத்துக்கு அது ஏறத்தாழச் சமம். எனினும் அவர் குழுவின் முறையான உறுப்பினராக ஆக்கப்படவில்லை. குழுவுக்கு வாசிக்கும் கலைஞராகவே இருந்துவந்தார். நியூஸ்ரெட் உறுப்பினர், ஆனால் அந்த இசைத்தட்டில் கேட்கப்படவில்லை. ஜோன்ஸ் கேட்கப்பட்டார், ஆனால் உறுப்பினரல்லர். இவ்விரண்டனுள் எது பெரிய அநீதி?

ஜோன்ஸுக்கு நேர்ந்ததே பெரிதென முதலிற் சொல்லத் தோன்றும். பங்கும் பட்டயமும் அவருக்கு இல்லையல்லவா? ஆனால் ஆழ்ந்து நோக்கின் நிலைமை வேறு. ஜோன்ஸ் எந்த நிலையில் நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியும், அழைத்தவர்க்கும் தெரியும், உலகுக்கும் தெரியும். சொல்லப்பட்டது எதுவோ அதுவே கொடுக்கப்பட்டது. நியூஸ்ரெட்டுக்கோ சொல்லப்பட்டது ஒன்று, கொடுக்கப்பட்டது ஒன்று. ‘நீயும் எம்மில் ஒருவன்’ என்று கூறி அமரவைத்துவிட்டு, அவன் பேசுங்கால் செவியை மூடிக்கொள்வது மறுப்பினும் கொடியது. மறுக்கப்பட்டவன் வேறிடம் போகலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டதாகச் சொல்லப்பட்டவன் எங்கே போவான்? கேட்கப்படாமை தன்னுடைய குறையோ என்றல்லவா அவன் ஐயுறுவான்!

நியூஸ்ரெட் உடனே போய்விடவில்லை. 1991 ஆம் ஆண்டின் இசைத்தட்டில் தயாரிப்பாளர் பொப் றொக் பேஸுக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். கனமும் அகலமும் பெற்ற அவ்வொலியே குழுவை உலகெங்கும் கொண்டுசென்றது. எனினும் வேறொரு குழுவிலும் சேர்ந்து இசைக்க அவர் விரும்பியதைத் தொட்டு எழுந்த முரண்பாடு முற்றி, 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் விலகினார். 2003 இல் றொபேட் ருஜிலோ வந்துசேர்ந்தார். பேர்ட்டனைப் போல் விரலால் மீட்டும் இவர், அதுவரை ஒஸி ஒஸ்போர்ன் என்னும் பாடகரின் குழுவில் வாசித்தவர். விந்தை யாதெனில், ஒஸ்போர்னின் குழுவில் ருஜிலோ விட்டுச்சென்ற இடத்துக்கு அப்போது சென்றவர் நியூஸ்ரெட்! முன்னைய தவற்றைக் குழுவினர் ஓரளவு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. 2004 இல் வெளிவந்த அவர்களைப் பற்றிய ஆவணப்படத்தில், ருஜிலோவைத் தொடக்கத்திலேயே முழு உறுப்பினராக்கி, 10 இலட்சம் டொலர் முற்பணமாகக் கொடுப்பதாகக் கூறும் காட்சி இடம்பெற்றுள்ளது.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிளீவ்லண்ட் நகரில் அக்குழு றொக் அண்ட் றோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, பேர்ட்டன், நியூஸ்ரெட், ருஜிலோ ஆகிய மூவரும் அக்கௌரவத்தைப் பெற்றனர். இறந்த மகன் சார்பில் தந்தை மேடையேறினார். பின்னர் குழு வாசித்தபோது நியூஸ்ரெட்டும் ருஜிலோவும் ஒரே மேடையில், ஒரே பாடல்களுக்கு, இருவருமாகப் பேஸ் வாசித்தனர். இசைமுறையில் இது தேவையற்றது என்பர். ஒரு பாடலுக்கு ஓர் அடித்தளம் போதும். ஆயினும் அன்று அங்கே ஒலித்தது ஒரு பிராயச்சித்தம். ஓர் இடத்தில் ஒருவரே நிற்கலாம் என்ற கணக்கை அக்குழு ஓரிரவேனும் கைவிட்டது.

மீண்டும் தொடக்க வினாவுக்கு வருவோம். பேஸ் கலைஞர் மாறினால் அது அதே குழுவா? இயைபே அடையாளம் என்னும் அரிஸ்ரோட்டிலின் அளவுகோலின்படி அது முன்னைய குழுவாகத் தொடர்வதில்லை. தொடரவேண்டும் என்ற கட்டாயமுமில்லை. புதியவரோடு புதியதோர் இயைபைத் தேடிக்கொள்வதே நேர்மையான வழி. அதற்கு முதலில் இழப்பை இழப்பென ஒப்புக்கொள்ள வேண்டும். ‘எதுவும் மாறவில்லை’ என்று சாதிக்கும் குழுவே, மாற்றத்தின் உயிர்ச்சாட்சியாக நடுவே நிற்பவரின் ஒலியைத் தாழ்த்த வேண்டியதாகின்றது.

இசையரங்குக்கு வெளியேயும் இந்நிலை உண்டு. மனைவியை இழந்தவர் வீட்டுக்கு இரண்டாந் தாரமாக வந்து, மூத்தவளின் கைப்பக்குவத்தோடு நாள்தோறும் ஒப்பிடப்படும் பெண். எல்லாரும் விரும்பிய ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் அதே வகுப்பில் வந்துநிற்கும் புதிய ஆசிரியர். மரித்த மூத்த மகனின் கடமைகளையெல்லாம் தோளில் ஏற்றும் இளைய மகன்: இவர்கள் யாவரும் பிறர் பாதம் தோண்டிய குழியில் நிற்பவர்கள். அவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அவர்கள் பேசும்போது கேட்கின்றோமா என்பதே கேள்வி.

எமது அறைத்தோழரிடம் அந்த ஹெட்போனைக் கொடுத்து, அவ்விரு பாடல்களையும் கேட்கச் செய்தோம். இரண்டாவது பாடல் முடிந்தபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்தப் பெடியன் வாசித்துக்கொண்டுதானே இருந்திருப்பான்?” என்றார். ஆம், வாசித்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கப்படாதவர் ஒவ்வொருவரையும் பற்றி நாம் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.